பலகை கழுவத் தெரிந்த மனிதர்

உடையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி போன வாரம் எழுதியிருக்கிறார். இன்லண்ட் லெட்டரில் ஓரம்கூட விடாமல் புலம்பல். விஷயம் வேறொன்றுமில்லை. கல்யாணப் பரிசாக வந்த காய் நறுக்கும் பலகையில் ஒரு நாள் ஆசைப்பட்டு மீன் வெட்டிவிட்டாராம். அன்றையிலிருந்து வெண்டைக்காய் நறுக்கினாலும் மீன் வாசம், கொத்தமல்லி நறுக்கினாலும் மீன் வாசம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பார்த்தாச்சு, சாம்பல் போட்டுப் பார்த்தாச்சு. மாமியார் வேறு, “இதுக்குத்தான் பேசாம அருவாமனையிலயே அரியச் சொன்னேன்” என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுகிறாராம்.

“நீங்கதான் மேடம் ஒரு வழி சொல்லணும்.”

நான் எப்போது சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்? என் ரசத்தைக் குடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஆனால் பாருங்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்கு வழி தெரியும். சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஆண்பிள்ளை. அதைக் கற்றுக்கொண்ட அன்று நான் உதிர்த்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆறேழு வருஷம் இருக்கும். எனக்கு லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் டீச்சர் வேலை. ஜொஹராக்கா வீட்டின் பின்கட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தங்கியிருந்தேன். பேருக்குத்தான் வாடகைக்கு இருப்பவள். பாதி நாள் சாப்பாடு அவர் வீட்டில்தான். “ஒத்தை ஆளுக்கு எதுக்கு டீச்சர் அடுப்பு மூட்டுறீங்க?” என்பார். நானும் மறுத்துப் பேசிப் பழகாதவள்.

ஜொஹராக்காவின் கணவர் கனி பாய், சவூதியில் இருந்தார். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகிறவர்களை அந்த ஊரில் சபுராளி என்பார்கள். தெருவுக்குப் பத்து சபுராளிகள். அதில் கனி பாய்க்கு மட்டும் தனி மரியாதை. ஏன்? மற்றவர்கள் கட்டட வேலை, கடை வேலை. கனி பாய்க்கு ஆபீஸ் வேலை. பெரிய கம்பெனி, மேஜை நாற்காலி, ஏசி ரூம்...

அந்த ஏசி மேல் ஜொஹராக்காவுக்குத் தீராத கோபம். கணவர் கடிதம் வந்தால் என்னிடம் வந்து சொல்வார். “ஏசிக் குளுரு அவங்களுக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது டீச்சர். கையெல்லாம் வெடிச்சுப் போகுதாம். அந்தக் கம்பெனிக்காரன் செத்த நேரம் நிறுத்தி வச்சா என்ன?”

எனக்கு அது ரொம்பப் பெருமையான வியாதியாகப் பட்டது. ஏசியால் கை வெடிக்கும் அளவுக்கு ஒரு உத்தியோகம்... எங்கள் வீட்டில் யாருக்குக் கிடைத்தது?

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு நாற்பது நாள் லீவு. அந்தத் தடவை வந்தபோது கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் சேலை, சென்ட், டேப் ரெக்கார்டர் இவற்றோடு ஒரு மரப்பலகையும் இருந்தது. இரண்டு விரல் கனம். சந்தன நிறம். ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்க ஓட்டை. “காய், கறி எல்லாம் இது மேல வச்சு வெட்டலாம்” என்று கொடுத்திருக்கிறார்.

ஜொஹராக்கா என்ன செய்தார் தெரியுமா? ஃபாரின் சாமானில் கறி வெட்ட யாருக்கு மனசு வரும்? நன்றாகத் துடைத்து, முன் அறை ஷோகேஸில் டீ கப்புகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் என் பங்குக்குப் பார்த்தேன். என்ன இது, சாமி படம் மாதிரி வைத்திருக்கிறார் என்று சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அது அங்கேயே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. லீவு பாதி முடிந்த சமயத்தில் பக்ரீத் வந்தது.

குர்பானி இறைச்சி வந்து இறங்கிவிட்டது. பங்கு போட்டுச் சொந்தக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டில் கறி வெட்ட இருந்த புளியங்கட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அன்றைக்கு எந்த வீட்டில் கட்டை சும்மா இருக்கும்? வேறு வழியில்லாமல் ஷோகேஸ் திறக்கப்பட்டது.

அன்று வீட்டில் முக்கியமான விருந்தாளி ஒருவர் இருந்தார். மைமூன் அக்கா. பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவர். அவரும் கனி பாயும் சின்ன வயதில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இவர் ‘அக்கா’ என்பார், அவர் ‘தம்பி’ என்பார். மைமூன் அக்காவின் மகனும் சபுராளி. துபாயில் ஒரு கம்பெனியில் கிளார்க். அந்தப் பையனுக்கு ஜொஹராக்காவின் மகள் நூர்ஜகானைக் கேட்டு, பேச்செல்லாம் முடிந்துவிட்டது. பக்ரீத் அன்று வந்து, கனி பாய் ஊரில் இருக்கும்போதே நிக்காஹ் நாளையும் முடிவு செய்துவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு.

மைமூன் அக்கா நல்லவர்தான். ஆனால் அந்தஸ்து விஷயத்தில் கொஞ்சம் கறார். காலையில் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் அதைத்தான் விளக்கினார்.

“பொருள் பண்டம் ஒண்ணும் நாங்க கேக்கல டீச்சர். குடும்பந்தான் முக்கியம். இதுக்கு முன்னாடி ஒரு எடம் வந்துச்சு. பொண்ணு தங்கமாட்டம் இருந்தா. விசாரிச்சா... அத்தாக்காரர், அதான் பொண்ணோட அப்பா, வெளிநாட்டுல ஓட்டல்ல பாத்திரம் கழுவுறாராம். வேணாம்னுட்டேன். நாளைக்கு என் மவன் நாலு பேரு முன்னாடி மாமனாரு என்ன பண்றாருன்னா என்ன சொல்லுவான்?”

கதவுக்கு அந்தப் பக்கம் நூர்ஜகான் புது வளையல் போட்டுக்கொண்டு தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த களையைப் பார்த்தால், இந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று எந்தச் சாமியையும் கும்பிடலாம்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் மைமூன் அக்கா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி, சாய்வு நாற்காலியில் கனி பாய். நான் கொல்லை வாசற்படியில். ஜொஹராக்கா பலகையைக் கழுவ எடுத்தார். காலையிலிருந்து இறைச்சி வெட்டிய பலகை. ரத்தமும் கொழுப்பும் அப்பிக் கிடந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை அப்படியே தூக்கிவந்து ஊற்றப் போனார்.

“ஏய், சுடுதண்ணி ஊத்தாத!”

கனி பாய் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எழுந்து வந்துவிட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் குந்தினார்.

“மொதல்ல பச்சத்தண்ணி. எடுத்தவொடனே சுடுதண்ணி பட்டா ரத்தம் வெந்து மரத்துல ஒட்டிக்கும். அப்புறம் ஒரு மாசம் ஆனாலும் கவுச்சி போவாது.”

“நீங்க எந்திரிங்க. ஆம்பள வந்து இதெல்லாம் தொட்டுக்கிட்டு... அக்கா பாக்குறாங்க” என்றார் ஜொஹராக்கா, மெதுவாக.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பழைய துணி ஒன்றை நனைத்து, தரையில் விரித்து, அதன் மேல் பலகையை வைத்தார். வழுக்காதாம். பச்சைத்தண்ணீர் விட்டு அலசினார். கத்தியின் பின்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே வழித்தார். வெட்டுத் தடங்களுக்குள் இருந்த கொழுப்பெல்லாம் வெள்ளைச் சேறாக வந்தது. பிறகு ஒரு கை கல்லுப்பு. அரை எலுமிச்சம்பழத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரு இடம் விடாமல் தேய்த்தார். மறுபடியும் தண்ணீர். அதன் பிறகு சோப்பு. வெந்நீரின் முறை அதற்கும் அப்புறம்தான் வந்தது.

“கெணத்துல போட வச்சிருக்கிற பிளீச்சிங் பவுடரு இருக்குல்ல, அதுல ஒரு சிட்டிகை குடு. எலுமிச்சையை நல்லா அலசிட்டுத்தான் இதத் தொடணும். ரெண்டும் ஒண்ணா சேந்துச்சுன்னா கண்ணு, தொண்டை எல்லாம் எரியும்.”

வாளித் தண்ணீரில் அதைக் கரைக்கும்போது முகத்தைத் தானாக ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் தண்ணீரைப் பலகை மேல் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டார். மறுபடி அலசினார். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், கைபிடி ஓட்டைக்குள்ளே. மோந்து பார்த்தார். துடைத்தார். படுக்க வைக்காமல் சுவரோடு நிற்க வைத்தார். “படுக்கப் போட்டா அடிப்பக்கம் காயாது, பூசணம் புடிக்கும். நல்லாக் காஞ்சப்புறம் தேங்காண்ணெய் ஒரு சொட்டுத் தடவணும். மரம் வெடிக்காது.”

இவ்வளவும் எத்தனை நேரம் என்கிறீர்கள்? ஊற வைத்த நேரம் போக, நான் ஒரு வெங்காயம் உரிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு வேகம். கை தானாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. சுவரோடு பலகையை நிற்க வைத்தாரல்லவா? வைத்த கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கையை விரித்து.

அடுத்த பலகைக்காக.

அங்கே அடுத்த பலகை இல்லை. கொல்லையில் காற்றுதான் இருந்தது. ஒரு நொடி அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அவர் திடுக்கிட்டு அதை இழுத்துக்கொண்டார்.

பார்த்தவள் பார்த்தபடி இருந்திருக்கலாம். நான்தான் வாய் சும்மா இராதவள் ஆயிற்றே...

“அடேயப்பா, என்ன பாய்... ஒரு நாளைக்கு இருநூறு பலகை கழுவுன கை மாதிரில்ல இருக்கு?” என்றேன். சத்தியமாகத் தமாஷுக்குத்தான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். என்னோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

கனி பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஜொஹராக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கதவு ஓரத்தில் வளையல் சத்தம் நின்றது. மைமூன் அக்கா வாயருகே கொண்டுபோன வெற்றிலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஜொஹராக்கா முந்திக்கொண்டார். “அவங்களுக்கு எப்பவுமே சுத்தம் ஜாஸ்தி. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே இப்புடித்தான். நான் பலகை கழுவுனா புடிக்காது. அவங்களேதான் கழுவுவாங்க.”

பாவம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொன்ன பொய். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷர் அவர் என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பலகை அந்த வீட்டுக்கு வந்தே இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“தம்பி, கையக் காட்டு” என்றார் மைமூன் அக்கா.

அவர் கைலி மடிப்புக்குள் கையை நுழைத்துக்கொண்டார்.

“காட்டுறான்னா.”

காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் ஊறிய பயறு மாதிரி வெளுத்து, சுருங்கி... ரேகை முழுக்க வெடிப்பு. நகம் பாதி அரித்துப் போயிருந்தது. என் அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கினவர். சிமெண்ட் தின்ற கையால் ஊட்டிவிட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். எனக்கு இது என்ன கை என்று தெரிய வேண்டாமா? ஏசி என்று சொன்னதும் நம்பிவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

கனி பாய் யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ஆஸ்பத்திரி ஒண்ணு. நோயாளிங்களுக்குச் சாப்பாடு ஆக்குற எடம். எட்டு வருஷமா அங்க பலகை கழுவுறேன் அக்கா. கறிக்குத் தனி, கோழிக்குத் தனி, மீனுக்குத் தனி, காய்க்குத் தனி. ஒண்ணுக்கொண்ணு மாறக் கூடாது. கெடந்த கெடையா கெடக்குறவங்க சாப்பிடுறது... என் பலகையால ஒருத்தருக்கு வயித்து நோவு வந்துச்சுன்னு இதுவரைக்கும் பேச்சு வந்ததில்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

“அப்ப ஆபீசுன்னு எழுதுனது?” இது ஜொஹராக்கா.

“மொதக் கடுதாசியில ஒரு வார்த்தை எழுதிட்டேன், நீ சந்தோசப்படுவேன்னு. அப்புறம் அந்த வார்த்தைக்குத் தொணையா மேஜை, நாக்காலி, ஏசின்னு ஒண்ணொண்ணா சேத்து எழுதும்படி ஆயிருச்சு.”

குற்றம் சொல்ல முடியுமா? வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் நாம் யார்தான் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறோம்? ஹாஸ்டலில் புழு நெளியும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, ‘இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று என் அம்மாவுக்கு எழுதியவள்தானே நானும்? ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும்போதே பாதிப் பொய் ஆரம்பமாகிவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவுகிறவர் மகள் வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார் மைமூன் அக்கா. அவர் எழுந்து செருப்பைத் தேடப் போகிறார் என்றே நினைத்தேன். என் வாயால் ஒரு கல்யாணம் நின்றது என்று ஆகப்போகிறதே...

மைமூன் அக்கா எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த பையைத் திறந்து, பெண் வீட்டாரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த போட்டோக் கவரை எடுத்தார். மகன் துபாயிலிருந்து அனுப்பிய போட்டோக்கள். ஒன்றில் காருக்குப் பக்கத்தில். ஒன்றில் கடலோரம். ஒன்றில் ஏதோ பூங்காவில். ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கனி பாயிடம் நீட்டினார்.

“எல்லாப் போட்டோவுலயும் கைய பேண்ட் பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்கான் தம்பி. ஒண்ணுலகூட கை தெரியல. அங்க எல்லாரும் இப்புடித்தான் நிப்பாங்களா?”

கனி பாய் போட்டோக்களை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

“ஆமாக்கா” என்றார். “அந்த ஊர்ல அது ஒரு ஸ்டைலு.”

மைமூன் அக்கா நம்பவில்லை. நம்பிய மாதிரித் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோக்களைக் கவருக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி, “ஜொஹரா, நிக்காஹுக்கு நாளைப் பாருங்க. தம்பி லீவு முடியறதுக்குள்ள வச்சிருவோம். இன்ஷா அல்லாஹ்” என்றார். உள்ளே நூர்ஜகான் அழுதது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் ஜொஹராக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கொல்லையில் இருந்தார். அடுப்படிச் சாமான் அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சாய்வு நாற்காலியைப் போட்டு, கனி பாயை அதில் உட்கார வைத்திருந்தார். அவருடைய இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. டீ குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஜொஹராக்கா பாய்ந்து போய்ப் பிடுங்கினார்.

“தெரியாம சொல்லிட்டேன்க்கா” என்றேன்.

“நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா டீச்சர்? அந்தக் கை நீண்டுச்சு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“கோவமாக்கா?”

“கோவம் இல்லாம? எட்டு வருஷமா அந்த ஏசியப் போயி ஏசிக்கிட்டுக் கெடந்திருக்கேன். கழுவுற தண்ணிதான் காரணம்னு சொல்லியிருந்தா, வந்தப்பல்லாம் ஒரு மருந்தாவது தடவி விட்டிருப்பேன்ல?”

கிணற்றடியில் டம்ளரைக் கழுவிக்கொண்டே பேசினார்.

“இன்னும் பதினெட்டு நாளு இருக்கு, அவங்க போறதுக்கு. தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யிற தண்ணி ஒண்ணுதான். அது தவிர அந்தக் கையில ஒரு சொட்டுத் தண்ணி பட விடமாட்டேன். சோறுகூட நானே பிசைஞ்சு குடுத்துருவேன்.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க படிச்சவங்க, சொல்லுங்க டீச்சர். எட்டு வருஷம் ஊறுன கை... பதினெட்டு நாள்ல காஞ்சிருமா?”

வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறக்காமல், நாற்காலியடியில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.